துண்டு போட்ட சர்வர்: பொதுக் கணினியைப் பங்கிடும் விதிகளும் ஏலமும்

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் நான்கு ஜிபியு அட்டைகள் (பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் சில்லுகள்) பொருத்திய, பலரும் பகிரும் சர்வர் கணினி ஒன்று இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய மார்ச் மாதக் கடைசி வாரத்தில் நான் அங்கே போயிருந்தேன். ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு கட்டளையைத் தட்டித் திரையை என் பக்கம் திருப்பினார். நான்கு அட்டைகளிலும் மெமரி ஏறக்குறைய நிரம்பியிருந்தது. ஆனால் அவற்றில் மூன்றில், வேலை நடக்கும் அளவு 0 சதவீதம் என்று காட்டியது. வெளியே வராந்தாவில் ஏழெட்டு மாணவர்கள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இடத்துக்காகக் காத்திருந்தார்கள். “ராத்திரியே உள்ள வந்து இடம் புடிச்சு வெச்சுட்டுப் படுத்துக்கறாங்க சார், ஏற்காடு பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டு போடற மாதிரிதான்” என்றார் பொறுப்பாளர்.

அவர் சொன்ன உவமையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. துண்டு போட்டவர் இன்னும் பஸ்ஸுக்குள் ஏறவில்லை. ஆனால் இருக்கை போய்விட்டது. அந்த மூன்று அட்டைகளையும் பிடித்து வைத்திருந்த மாணவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களில் யாரும் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் அல்லர் என்பது தெரியும். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்ததும் அட்டையை விட்டுவிட்டால் காலையில் அது திரும்பக் கிடைக்காது. விடாமல் வைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. மற்றவர்கள் எல்லாம் நல்லபடியாக விட்டுக்கொடுத்தாலும் சரி, எல்லாரும் பிடித்து வைத்துக்கொண்டாலும் சரி, தனியொருவருக்குப் பிடித்து வைத்திருப்பதே லாபம். எல்லாரும் அப்படியே கணக்குப் போடுவதால் சர்வர் சும்மா இருக்கிறது, வராந்தா நிரம்பி வழிகிறது. தான் மட்டும் நடத்தையை மாற்றிக்கொள்வதால் எவருக்கும் நன்மையில்லை என்னும் இந்த நிலையைத்தான், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் சூழல்களை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் நாஷ் சமநிலை என்பார்கள். ஜான் நாஷ் 1950-இல் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். 1994-இல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது.

மாணவர்களைக் கூட்டி வைத்து அறிவுரை சொல்வது இந்த நோய்க்கு மருந்து ஆகாது. பிடித்து வைப்பதைச் செலவில்லாத காரியமாக்கியது விதி. அந்த விதியைத்தான் மாற்ற வேண்டும். பொதுக் கணினிகளைப் பங்கிடுவதற்கு ஏலம், சந்தை, புள்ளிக் கணக்கு என்று கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் உண்மையில் எவ்வளவு தேவை என்பது அவரவருக்கு மட்டுமே தெரியும். அதை அவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே தங்களுக்கு லாபம் என்று நினைக்கும்படி விதியை அமைக்க முடியுமா?

நம் பக்கத்துக் கிணறுகளில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. பனமரத்துப்பட்டிப் பக்கம் பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணறு என்றால் அதற்கு நாள் முறை இருக்கும்: திங்கள் ஒருவருக்கு, செவ்வாய் இன்னொருவருக்கு என்று முறை வைத்து மோட்டார் போடுவார்கள். நிலத்தை விற்கும்போது கிணற்றில் உள்ள பங்கையும் பத்திரத்தில் சேர்த்தே எழுதுவார்கள். முறை இருந்தும் தேவையில்லாதவர் “இந்த வாரம் நீ பாச்சிக்க, எனக்குக் கரும்புக்கு வேணுங்கறப்ப ஒரு நாள் சேத்துக் குடு” என்று தன் நாளைக் கைமாற்றிக் கொடுப்பதும் உண்டு. விலை என்ற பெயர் சொல்லாவிட்டாலும் இதுவும் ஒரு சிறு சந்தைதான். பொதுச் சொத்து என்றாலே அழிந்துதான் போகும் என்ற கருத்தை மறுத்து, உலகெங்கும் இப்படிப்பட்ட ஊர்க்கட்டு விதிகள் பல தலைமுறைகளாக நிலைத்திருப்பதை எடுத்துக்காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரோம். 2009-ஆம் ஆண்டின் பொருளியல் நோபலைப் பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

ஆனால் கிணற்றுக்கும் சர்வருக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. முறைக்காரர் மோட்டார் போடாவிட்டால் தண்ணீர் கிணற்றிலேயே ஊறி நிற்கும், மறுநாள் முறைக்காரருக்கு அது போய்ச் சேரும். சர்வரில் நேற்று இரவு ஓடாத எட்டு மணி நேரத்தை எந்தத் தொட்டியிலும் சேமித்து வைக்க முடியாது. ஆகவே நாள் கணக்கில் முறை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பங்கிட்டால், கிணற்றில் அது நியாயமாகவும் சர்வரில் அது வீணாகவும் முடிகிறது.

கணினி நேரத்துக்குச் சந்தை வைத்துப் பார்த்த முதல் முயற்சிகளில் பெயர் பெற்றது 1968-இல் வெளியான ஒரு கட்டுரை. அதை எழுதியவர் ஐவன் சதர்லேண்ட்; திரையில் கோடு வரையும் ஸ்கெட்ச்பேட் நிரலை 1963-இல் உருவாக்கிய அதே மனிதர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பிடிபி-1 கணினியின் நேரத்தை அங்கிருந்தவர்கள் எப்படி ஏலம் எடுத்தார்கள் என்பதை அந்தக் கட்டுரை விவரிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ‘யென்’ என்று பெயரிட்ட பொய்க்காசு கொடுக்கப்பட்டது. வேலையின் முக்கியத்துவத்தைப் பொறுத்துச் சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. வேண்டிய நேரத்துக்கு வேண்டிய யென்னைக் கேட்கலாம். அதிகம் கேட்டவருக்கு அந்த நேரம். ஒருவர் தம் யென்னைச் சேர்த்து வைத்துக் கோடீஸ்வரர் ஆக முடியாது. பயன்படுத்தி முடித்ததும் அது மீண்டும் கைக்கு வந்துவிடும். மாதத்துக்கு இவ்வளவு மணி என்று ஒதுக்கும் வழக்கத்தில் மாத முதலில் கணினி காற்று வாங்குவதும் மாதக் கடைசியில் கூட்டம் நெரிவதும் நடக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ஏலம் இல்லாமல் ஆக்கியது என்று சதர்லேண்ட் குறிப்பிட்டிருந்தார். ஆளுக்கு ஆள் தன் மாட்டைக் கூட்டிக்கொண்டே போக, பொதுமேய்ச்சல் நிலம் அழிந்துபோகும் அவலத்தைப் பற்றிய காரெட் ஹார்டினின் புகழ்பெற்ற கட்டுரையும் அதே 1968-இல்தான் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒருவர் நோயைப் பற்றி எழுதியதும் மற்றவர் ஒரு சிறு அறைக்குள் அதற்கு மருந்து காய்ச்சியதும் ஒரே ஆண்டில் நடந்தது என்பது வியப்பாக இருக்கிறது.

ஏலம் என்றவுடன் அதன் வகைகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உண்மை வெளிவருவதும் மறைவதும் ஏலத்தின் வகையைப் பொறுத்தது. சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. மரவள்ளிக் கிழங்கு ஆலைகளின் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் விற்றுத்தர 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை எழுதுவதை நாம் அறிவோம். கொங்கணாபுரத்தில் பருத்தி மூட்டைகள் லாட் லாட்டாக ஏலம் போவதையும் பார்த்திருக்கிறோம். பொதுவாக ரகசிய டெண்டரில் அதிகம் எழுதியவருக்குச் சரக்கு, எழுதிய விலையே அவர் கொடுக்கும் விலை. இந்த விதியில் எந்த வியாபாரியும் தனக்கு உண்மையில் கட்டுபடியாகும் முழு விலையை எழுதமாட்டார். மற்றவர்கள் எவ்வளவு எழுதுவார்கள் என்று ஊகித்து, அதற்கு ஒரு படி மேலே எழுதுவதுதான் தொழில் சாமர்த்தியம்.

இதையே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஓர் ஆய்வு மாணவிக்கு இன்றிரவு ஒரு ஜிபியு கிடைப்பது 80 புள்ளிக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் 50-க்கு மேல் போகமாட்டார்கள் என்று ஊகித்து அவர் 55 எழுதுகிறார்; யாரோ ஒருவர் 60 எழுதிவிடுகிறார். அட்டை, அது குறைவாகத் தேவைப்பட்டவரிடம் போய்விட்டது. 1961-இல் பொருளியலாளர் வில்லியம் விக்ரி இதற்கு ஒரு மாற்று சொன்னார்: அதிகம் எழுதியவருக்கே பொருள், ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவதாக வந்தவர் எழுதிய விலை. இப்போது அந்த மாணவி 80 என்று எழுதினால் 60 புள்ளியோடு அட்டை கிடைக்கும், 20 புள்ளி மிச்சம். குறைத்து எழுதினால் அவர் செலுத்தும் விலை குறையப் போவதில்லை, தோற்கும் வாய்ப்புதான் கூடும். கூட்டி 100 என்று எழுதினாலோ, வேறு யாராவது 90 எழுதியிருக்கும் நாளில், 80 பெறுமான பொருளை 90-க்கு வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும். ஆக, உள்ளதை உள்ளபடி எழுதுவதே நல்லது. பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதுவார் என்று மண்டையை உடைத்துக்கொள்ளவே தேவையில்லை. விக்ரிக்கு 1996-இல் நோபல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

இந்த இரண்டாம் விலை ஏலத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வால்ட்ஸ்பர்கர், ஹியூபர்மன் முதலியோர் ஸ்பான் என்ற அமைப்பில் பயன்படுத்தினார்கள்; 1992-இல் அது வெளியானது. அலுவலகத்தில் சும்மா கிடந்த கணினிகள் தங்கள் நேரத்தை விற்க, நிரல்கள் அவற்றை வாங்கின. மனிதர்கள் உட்கார்ந்து விலை கேட்கவில்லை. நிரல்களே தம்மிடம் கொடுக்கப்பட்ட நிதியைக் கொண்டு ஏலம் கேட்டுக்கொண்டன.

ஒரே ஒரு அட்டை, ஒரே ஓர் இரவு என்றால் விக்ரியின் விதி அழகாக வேலை செய்கிறது. உண்மையான சர்வர் அறையில் சிக்கல் கூடுகிறது. ஒருவருக்கு இரண்டு அட்டைகள் சேர்ந்து கிடைத்தால்தான் பயன். ஒன்று மட்டும் கிடைத்தால் அது ஒற்றைக்கால் செருப்பு மாதிரி. இன்னொருவருக்குக் காலை ஆறு மணிக்குள் முடியும் என்றால்தான் அட்டை எதற்கும் ஆகும். இப்படிச் சேர்க்கை சேர்க்கையாகக் கேட்கும் ஏலத்தில் யாருக்கு எதைக் கொடுத்தால் மொத்தப் பயன் அதிகம் என்று கண்டுபிடிப்பதே, கேட்பவர்கள் எண்ணிக்கை கூடக் கூட, அந்தச் சர்வரையே திணறடிக்கும் கணக்காக மாறிவிடுகிறது. ஒரே வழிகாட்டியிடம் படிக்கும் மூன்று பேர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் உண்மை விலை எழுத, மற்ற இருவர் ஒன்று இரண்டு புள்ளி எழுதினால் விலை தரைமட்டத்துக்கு வந்துவிடும். ஏலத்தில் சிண்டிகேட் போடுவது நமக்குத் தெரியாத வித்தை அல்லவே.

ஆளுக்கு ஆள் மோதாமல் இருப்பதற்கு எளிமையான இன்னொரு வழி, விகிதப் பங்கு. ஒவ்வொருவரும் எவ்வளவு புள்ளி போடுகிறார்களோ, மொத்தப் புள்ளியில் அது எத்தனை பங்கோ, அத்தனை பங்கு சர்வர் அவர்களுக்கு. ஹெச்பி ஆய்வகத்தில் 2004-ஐ ஒட்டி உருவான டைக்கூன் அமைப்பு இந்த வழியில்தான் ஓடியது. ஒவ்வொருவரும் சாமர்த்தியம் காட்டி விளையாடினாலும், சாமர்த்தியமே இல்லாத நல்லுலகில் கிடைக்கும் மொத்தப் பயனில் 25 சதவீதத்துக்கு மேல் இழப்பு வராது என்று ஜோஹாரி, சிட்சிக்லிஸ் என்னும் இருவர் 2004-இல் நிறுவினார்கள். இழப்புக்கு இப்படி ஓர் உச்சவரம்பு இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கணிதம், பொருளை எவ்வளவு நுணுக்கி வேண்டுமானாலும் பிரிக்கலாம், கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு துளிக்கும் பயன் முந்தையதைவிடக் குறைவு என்ற இரண்டு நிபந்தனைகளில் நிற்கிறது. முழு அட்டை இருந்தால்தான் மாடலே மெமரியில் ஏறும் என்கிற மாணவருக்கு முக்கால் அட்டை கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

தன்னலக் கணக்கால் எவ்வளவு வீணாகும் என்று அளக்கும் இந்தச் சிந்தனைக்கு ஏற்காட்டுச் சாலையே நல்ல பாடம். மலைக்கு இரண்டு வழிகள்: இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வழக்கமான பாதை ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. கணக்குக்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம்: குப்பனூர் வழியில் எப்போதும் 60 நிமிடம், வழக்கமான பாதையில் வண்டிகள் எல்லாம் அங்கேயே போனால் 60 நிமிடம், பாதி வண்டிகள் போனால் 30 நிமிடம். தனித்தனியாக யோசிக்கும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் வழக்கமான பாதை ஒருபோதும் குப்பனூரைவிட மோசமில்லை. ஆகவே எல்லாரும் அங்கேயே போகிறார்கள், எல்லாருக்கும் 60 நிமிடம். பாதிப் பாதியாகப் பிரிந்து போயிருந்தால் சராசரி 45 நிமிடம்தான். 60-க்கும் 45-க்கும் உள்ள விகிதம் நான்குக்கு மூன்று. நேரம் வண்டிகளின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் கூடும் சாலைகளில், எத்தனை சாலைகள் எப்படிப் பின்னிக்கிடந்தாலும் இதைவிட மோசமாகப் போகாது என்று ரஃப்கார்டனும் டார்டோஸும் 2002-இல் நிறுவினார்கள். சர்வர்களிலும் இதே கதைதான். வேகமான எந்திரம் எது என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் ஓடக் கொடுக்கும் எல்லா ஜாப்பும் (வேலையும்) அதிலேயே போய் முட்டி நிற்கின்றன, பக்கத்தில் பழைய எந்திரம் சும்மா கிடக்கிறது. கூகுள் நிறுவனம் தன் உள் பிரிவுகளுக்கிடையே வைத்த ஏலம் பற்றி 2009-இல் அதன் பொறியாளர்கள் எழுதிய கட்டுரை இந்தக் குறையைத்தான் குறிவைத்தது: நெரிசலான கணினிக் கூடங்களுக்கு விலை ஏற்றியும் காலியானவற்றுக்கு இறக்கியும், பிரிவுகள் தாமாகவே இடம் மாறும்படி செய்யப் பார்த்தார்கள்.

உண்மையான பணத்தோடு, உலகம் பார்க்க நடந்த பெரிய சோதனை அமேசானின் ஸ்பாட் சந்தை. 2009 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், விற்காமல் மிஞ்சிய கணினி நேரத்துக்கு வாடிக்கையாளர்கள் தங்கள் உச்ச விலையைச் சொல்ல, சந்தை விலை அதற்குக் கீழே இருக்கும் வரை எந்திரம் ஓடும். விலை மேலே போனால் எந்திரம் பிடுங்கப்படும். எல்லாரும் கொடுப்பது அப்போதைய சந்தை விலையை மட்டுமே, தாம் சொன்ன உச்ச விலையை அல்ல. இதனால் பலர் ஒரு குறுக்குவழி கண்டார்கள்: சொன்ன விலையையா கொடுக்கப் போகிறோம், பிடுங்கப்படாமல் இருக்க வானளாவிய விலையைச் சொல்லி வைத்துவிடலாம். ஒருவர் செய்தால் அது பாதுகாப்பு. பலர் செய்தால், தட்டுப்பாடு வரும் ஒரு மணியில் அந்த வானளாவிய விலைகளில் ஒன்றே சந்தை விலையாகிவிடும். 2011 செப்டம்பரில் ஒரு வகை எந்திரத்தின் மணி விலை 999.99 டாலரைத் தொட்டது இப்படித்தான். விக்ரியின் பாடத்தில் பெறுமானத்துக்கு மேல் எழுதக் கூடாது என்ற பாதியை மறந்தவர்களுக்கு வந்த பில் அது.

சந்தை என்று பெயரிட்டதெல்லாம் சந்தையா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் அதே 2011-இல் விலை வரலாற்றைக் கட்டுடைத்துப் பார்த்து, பெரும்பாலான நேரம் விலையைத் தீர்மானித்தது வாடிக்கையாளர்களின் போட்டி அல்ல, விற்பவர் உள்ளுக்குள் வைத்திருந்த மறைவான அடிவிலையே என்று வாதிட்டார்கள். 2017 இறுதியில் அமேசான் பழைய ஏல முறையைக் கைவிட்டு, நீண்டகாலத் தேவையையும் இருப்பையும் பார்த்து மெதுவாக நகரும் விலைக்கு மாறியது. வாடிக்கையாளர்கள் பலருக்கு அது நிம்மதி. நொடிக்கு நொடி விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்களுடைய வேலையல்ல.

பொய்க்காசு வைத்து நடக்கும் ஆய்வகச் சந்தைகளில் இந்த அலுப்பு இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது. இன்டெல் நிறுவனத்தின் பெர்க்லி ஆய்வகத்தில் உணரிக் கருவிகளைப் பகிர 2005-ஐ ஒட்டி நடந்த மிராஜ் என்ற ஏலத்தில், ஆராய்ச்சியாளர்களே மற்றவர்களின் கேட்பு விலைகளைப் பார்த்து, கூட்டம் இல்லாத நேரத்தில் ஒப்புக்கு ஒரு விலை எழுதுவதும், தோற்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பதுமாக விளையாடினார்கள். இவர்கள் யாரும் வியாபாரிகள் அல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். விதியில் சந்து இருந்தால் அதில் புகுந்து பார்க்க வியாபாரியாக இருக்க வேண்டியதில்லை.

பொய்க்காசுச் சந்தைகளில் பலரும் போதிய கவனம் செலுத்தாத ஒரு கேள்வி இருக்கிறது: ஏலத்தில் வென்றவர் கட்டிய புள்ளி எங்கே போக வேண்டும்? நம் ஊர் ஏலச்சீட்டில் இதற்கான விடை இருக்கிறது. இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் சீட்டு ஒரு லட்சம். மகளுக்குக் கல்யாணம் வைத்தவர் 25,000 தள்ளி 75,000-க்குச் சீட்டை எடுக்கிறார். நடத்துபவர் கமிஷன் போக, அந்தத் தள்ளு மற்ற உறுப்பினர்களுக்கே பிரிந்து போகிறது. அவசரக்காரர் கொடுக்கும் விலை, பொறுத்திருப்பவருக்குக் கூலியாக வந்து சேர்கிறது. அமெரிக்காவில் உணவு வங்கிகளுக்குச் சரக்குப் பகிரும் ஃபீடிங் அமெரிக்கா அமைப்பு 2005-இல் இதே போன்ற ஒன்றைத் தொடங்கியது: அங்கே ஒவ்வொரு வங்கியும் ‘ஷேர்’ என்ற புள்ளியால் ஏலம் கேட்கிறது, அன்று செலவான புள்ளிகள் எல்லாம் இரவில் மீண்டும் எல்லா வங்கிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. கணினித் துறையில் 2023-இல் வெளியான கர்மா என்னும் முறை அதற்கு இன்னும் நெருக்கம். தன் பங்கில் தேவைப்படாததை விட்டுக்கொடுப்பவருக்குப் புள்ளி ஏறும், பங்குக்கு மேல் எடுப்பவருக்குப் புள்ளி இறங்கும். பனமரத்துப்பட்டிக் கிணற்றில் ஒரு நாளைக் கைமாற்றிக் கொடுத்தவர் மனதுக்குள் வைத்திருக்கும் கணக்கை நிரலாக எழுதினால் இதுதான் வரும்.

காசே இல்லாமல் உண்மையைச் சொல்ல வைக்க முடியாதா என்றால், முடியும். 2011-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கோத்ஸி, ஸஹாரியா முதலியோர் வெளியிட்ட மேலோங்கு வளப் பங்கீடு என்ற முறை அதற்குச் சான்று. ஒரு சர்வரில் 9 கோர் (கணக்குப் போடும் அலகு), 18 ஜிபி மெமரி இருக்கிறது. முதலாமவரின் ஒவ்வொரு வேலைக்கும் 1 கோர், 4 ஜிபி வேண்டும். இரண்டாமவரின் ஒவ்வொரு வேலைக்கும் 3 கோர், 1 ஜிபி. முதலாமவருக்கு மெமரிதான் பெரிய பசி, இரண்டாமவருக்குக் கோர். அவரவர் பெரும்பசியில் இருவருக்கும் சமமான பங்கு கிடைக்கும்படி பிரித்தால், முதலாமவருக்கு 3 வேலை, அதாவது 12 ஜிபி. இரண்டாமவருக்கு 2 வேலை, அதாவது 6 கோர். இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு. இப்போது முதலாமவர், அதிகம் கேட்டால் அதிகம் கிடைக்கும் என்று எண்ணி, தன் வேலைக்கு 2 கோர் வேண்டும் என்று பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைத் திரும்பப் போட்டால் அவருக்குக் கிடைப்பது இரண்டே கால் வேலைக்கான இடம். பொய், சொன்னவரையே சுடுகிறது. யாரும் யாரையும் கண்காணிக்க வேண்டியதில்லை.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது கணிதம் அல்ல, நடுவே வரும் ஒரு சிறு தகவல். ஒரு பெரிய தேடுபொறி நிறுவனத்தில், எந்திரத்தை நிறையப் பயன்படுத்துகிறோம் என்று காட்டும் குழுவுக்குத் தனி எந்திரங்கள் ஒதுக்கும் விதி இருந்ததாம். உடனே குழுக்கள் தங்கள் நிரல்களில் ஒரே வேலையை ஓயாமல் திரும்பச் செய்யும் முடிவில்லாச் சுழல்களைத் தூவி வைத்து, எந்திரம் மும்முரமாக ஓடுவதாகக் காட்டின.

இதைப் படித்துச் சிரித்தவன் நான். சேலத்து ஆய்வகத்தில் அதே காட்சியைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. மார்ச் கூத்துக்குப் பிறகு பொறுப்பாளர் ஒரு விதி போட்டார்: அட்டையைப் பிடித்துவிட்டு 30 நிமிடம் வேலை செய்யாமல் வைத்திருந்தால் ஜாப் தானாக நிறுத்தப்படும். ஒரு வாரத்தில் நான்கு அட்டைகளும் 100 சதவீதம் ஓடுவதாகத் திரை காட்டியது. வராந்தாவில் கூட்டம் மட்டும் குறையவில்லை. உள்ளே பார்த்தால், யாரோ ஒரு மாணவர் பெரிய எண் அணிகளை (மேட்ரிக்ஸ்) ஒன்றோடு ஒன்று பெருக்கிப் பெருக்கி விடையைக் குப்பையில் போடும் பதினோரு வரி நிரலை எழுதி, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். முன்பு துண்டு மட்டும் போட்டார்கள். இப்போது துண்டுக்குக் கரண்ட் பில்லும் சேர்ந்துகொண்டது.

பயன்பாட்டை அளந்து தண்டித்தால் பயன்பாட்டை நடிப்பார்கள். பிடித்து வைத்திருக்கும் நேரத்துக்கு விலை வைத்தால் நடிக்க வேண்டிய காரணமே போய்விடும். யார் ஜாப் எப்போது ஓடும் என்று வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் போன்ற இலவச ஷெட்யூலர் நிரல்களில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. ஒருவர் எத்தனை அட்டையை எத்தனை மணி பிடித்திருந்தார் என்று கணக்கு வைத்து, அதற்கேற்ப வரிசையில் அவருடைய முன்னுரிமையைக் குறைத்துக்கொண்டே போகும். பழைய கணக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. சும்மா பிடித்து வைத்தவர் நாளைய இடத்தை இன்றே செலவழிக்கிறார். ஜாப் போடும்போது எத்தனை மணி ஓடும் என்றும் சொல்ல வேண்டும்: குறைத்துச் சொன்னால் நேரம் முடிந்ததும் ஜாப் வெட்டுப்படும், கூட்டிச் சொன்னால், பெரிய ஜாப்புகளுக்கு நடுவே கிடைக்கும் சிறு இடைவெளிகளில் முன்னதாக நுழையும் வாய்ப்பு போய்விடும். ஏலம் இல்லை, காசு இல்லை. ஆனால் காத்திருப்பே விலையாக நின்று வேலை செய்கிறது. நாற்பது ஐம்பது பேர் பகிரும் கல்லூரி சர்வருக்கு இது போதும் என்பதே என் கருத்து. தேவைகள் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிற, உண்மையான பட்ஜெட் உள்ள பல துறைகள் மோதுகிற இடத்தில்தான் ஏலம் தன் தொந்தரவுக்கு ஈடான பலனைத் தரும்.

எந்த முறையை எடுத்தாலும் அதற்குள் தீராத ஒரு கேள்வி முன்வாசலிலேயே நிற்கிறது: ஆளுக்கு எவ்வளவு புள்ளி? சதர்லேண்டின் ஹார்வர்டு ஏலத்தில் யாருக்கு எத்தனை யென் என்பதை ஏலம் தீர்மானிக்கவில்லை. வேறு யாரோ மேசையில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 10,371.92 கோடி ரூபாய் ஒதுக்கிய இந்தியா ஏஐ (செயற்கை நுண்ணறிவு) திட்டத்திலும், ஜிபியு தரும் நிறுவனங்களிடம் டெண்டர் வழியே விலை பெறப்படுகிறது. அந்த நேரத்தை மானியத்தில் யார் பெறலாம் என்பதோ தகுதி பார்த்து முடிவாகிறது. சந்தை, பையில் உள்ள காசை நல்ல முறையில் செலவழிக்க வழி காட்டும். யார் பையில் எவ்வளவு காசு என்பதை அது கேட்பதில்லை.

அந்தச் சேலத்து ஆய்வகத்தில் ஸ்லர்ம் நிறுவி முடித்து, பங்குகளை எழுதும் பக்கத்துக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆளுக்கு 10 பங்கு, முதுநிலை மாணவர்களுக்கு 4 பங்கு என்பது வரை துறைக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். இளநிலை மாணவர்களுக்கு ஒன்று போதும் என்றார் ஒருவர். மார்ச் மாதத்தில் மட்டுமாவது ஐந்து வேண்டும், பிள்ளைகளின் மதிப்பெண் அதில் இருக்கிறது என்றார் இன்னொருவர். அப்படியானால் மார்ச்சில்தான் என் ஆய்வாளரின் கட்டுரைக்கும் கெடு என்றார் மூன்றாமவர். நான் கடைசியாகப் பார்த்தபோது கரும்பலகையில் முதல் இரண்டு எண்களும் அப்படியே இருந்தன. இளநிலைக்கு எதிரே எழுதி அழித்த சாக்பீஸ் தடம் மட்டும் இருந்தது.